காலை ஸ்குவாட் ஏன் கனக்கிறது? தசைக்குள் ஓடும் கடிகாரமும் பயிற்சி நேரமும்

#1 | இளவட்டக்கல்

மாலை ஆறு மணிக்கு 140 கிலோ ஸ்குவாட்டை (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) மூன்று ரெப், அதாவது மூன்று தடவை, எடுக்கிறவர், காலை ஆறு மணிக்கு அதே எடையில் இரண்டாவது ரெப்பிலேயே திணறுகிறார். ஜிம்மில் இதற்கு இரண்டு விளக்கம் ஓடுகிறது. தூக்கம் தெளியவில்லை என்பது ஒன்று. தசைக்கென்றே ஒரு கடிகாரம் இருக்கிறது, அது மாலையில்தான் முறுக்கேறும் என்பது இன்னொன்று.

எது சரி? தசை வளர்ச்சிக்கும் மாலைதான் நல்லதா? அப்புறம் நடைமுறைக் கேள்வி ஒன்று: வழக்கமாக மாலை 6 மணிக்குப் பயிற்சி செய்கிற லிஃப்டருக்குப் போட்டி காலை 9 மணிக்கு என்றால், எத்தனை வாரம் முன்னால் எதையெல்லாம் மாற்ற வேண்டும்? "பழகப் பழகச் சரியாயிடும்" என்ற பதில் வேண்டாம். கணக்கோடு சொல்லுங்கள்.

#2 | தசைநார்

தூக்கக் கலக்கத்தின் மேல் மட்டும் பழி போட முடியாது. 1999இல் வெளிவந்த ஒரு சோதனையில் கட்டைவிரலை உள்ளங்கைப் பக்கம் இழுக்கும் சின்னத் தசையைக் காலை 7 மணிக்கும் மாலை 6 மணிக்கும் அளந்தார்கள். மாலையில் விசை ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுதல். மூளை அந்தத் தசையை முழுதாக முடுக்குகிறதா என்று தெரிந்துகொள்ள நரம்பில் மின்தூண்டலும் கொடுத்தார்கள். இரண்டு வேளையிலும் முடுக்கம் ஒன்றுதான். ஆக, வேறுபாடு நரம்புக்கு அந்தப் பக்கம், தசைக்குள்ளேயே இருக்கிறது.

அதில் பெரும் பங்கு வெப்பத்துக்கு. உடலின் உள்வெப்பம் விடியற்காலை 4-5 மணிக்கு அடிமட்டத்தில் இருக்கும், மாலையில் உச்சத்துக்குப் போகும். இரண்டுக்கும் இடையில் 1 டிகிரி செல்சியஸ்கூட இருக்காது, ஆனால் தசைக்கு அது போதும். சூடான தசையில் சுருங்கும் புரதங்கள் வேகமாக வேலை செய்யும், நரம்புச் சைகை வேகமாகப் பாயும், தசையின் இறுக்கம் தளரும். எந்தத் தசை, என்ன சோதனை என்பதைப் பொறுத்து காலை-மாலை இடைவெளி 3 முதல் 20 விழுக்காடு வரை வருகிறது.

இங்கே நம் ஊர்க்காரர்களுக்குப் பயன்படும் தகவல் ஒன்று. கரீபியக் கடலில் உள்ள குவாதலூப் தீவில், வெப்பமும் புழுக்கமும் உள்ள இடத்தில் இதே மாதிரிச் சோதனைகளைச் செய்தபோது காலை-மாலை வேறுபாடு மங்கிப்போனது. சுற்றியுள்ள சூடே காலைத் தசைக்கு வார்ம்-அப் ஆகிவிட்டது. சென்னை, நாகை, யாழ்ப்பாணம் மாதிரிக் கடலோரத்தில் ஏசி இல்லாத ஜிம்மில் காலைத் தொய்வு குறைவாக இருந்தால் வியப்பில்லை. காலை ஆறு மணிக்கே ஏசியை 20இல் வைக்கிற ஜிம் அந்த வசதியைத் தானே கெடுத்துக்கொள்கிறது.

#3 | எலிப்பொறி

தசைநார் சொன்னது வெப்பத்தின் பங்கு. கடிகாரம் என்பது அதற்கும் கீழே, உயிரணுவுக்குள் ஓடுகிற தனிச் சங்கதி. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் ஜிம் விளக்கங்கள் பாதியில் நிற்கின்றன.

தசை நாரின் உட்கருவில் கிளாக், பிமால்1 என்ற இரண்டு புரதங்கள் ஜோடி சேர்ந்து பெர், கிரை என்ற மரபணுக்களை இயக்கிவிடும். அப்படி உருவாகும் பெர், கிரை புரதங்கள் மெல்லச் சேர்ந்து, சில மணி நேரம் கழித்து உட்கருவுக்குள் வந்து, தங்களை உருவாக்கிய அதே ஜோடியை அடக்கும். பிறகு அவையே சிதையும், ஜோடி விடுபடும், மறுபடி முதலிலிருந்து. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 24 மணி நேரம். பழ ஈயில் இந்தச் சுற்றை அவிழ்த்துக் காட்டியதற்குத்தான் 2017இல் ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் நோபல் பரிசு.

மூளையில் சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட தலைமைக் கடிகாரம் கண்வழி வரும் வெளிச்சத்தை வைத்து நேரம் சரிசெய்துகொள்ளும். தசைக்குக் கண் இல்லை. அதற்கு நேரம் சொல்பவை கார்ட்டிசோல் என்ற ஹார்மோன், உடல் வெப்பம், சாப்பாடு, பிறகு அது சுருங்குவதே. இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். 2003இல் வந்த ஓர் ஆய்வில் ஆண்களை ஒரு காலுக்கு மட்டும் எடைப் பயிற்சி செய்யவைத்து, 6 மணி நேரத்துக்குப் பிறகும் 18 மணி நேரத்துக்குப் பிறகும் இரண்டு கால் தசையிலிருந்தும் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். உழைத்த காலில் கடிகார மரபணுக்களின் அளவு மாறியிருந்தது. ஒரே ஆள், ஒரே தூக்கம், ஒரே சாப்பாடு, ஒரே ஹார்மோன். வேறுபாடு உழைப்பு மட்டும்.

2012இல் காரின் எஸ்ஸர் என்ற ஆய்வாளரின் குழு எலிகளை நான்கு வாரம், தினம் இரண்டு மணி நேரம், அவை ஓய்வெடுக்கும் பகல் வேளையில் ஓடவைத்தது. தசைக் கடிகாரம் நகர்ந்தது. மூளைக் கடிகாரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

எப்படி நகர்கிறது என்பதற்குப் பல வழிகள். அதில் தெளிவானது இது: உழைக்கும் தசையில் எரிபொருள் இறங்கியதும் ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொள்ளும். அது கிரை புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டிச் சிதைவுக்கு அனுப்பும். அடக்குகிற கை தளர்ந்ததும் கடிகாரத்தின் முள் இடம் மாறும்.

ஆகவே "தசை மாலையை விரும்புகிறது" என்பது தவறு. நீங்கள் எந்த நேரத்தில் திரும்பத் திரும்ப வேலை வாங்குகிறீர்களோ, அந்த நேரத்தைத் தசை குறித்துவைத்துக்கொள்கிறது.

#4 | வெந்தயம்

நல்லா இருக்கு. ஆனா இந்தக் கேள்வி லிஃப்டருக்கு மட்டும் இல்லையே. சர்க்கரை இருக்கிறவங்க எத்தனையோ பேர் "காலையில வெறும் வயித்துல ஓடினா கொழுப்பு கரையும், எலி ஆய்வுலயே இருக்கு"ன்னு ஃபார்வர்ட் பார்த்துட்டு அஞ்சு மணிக்குக் கிளம்பிடறாங்க. அது சரியா?

#5 | எலிப்பொறி

> எலி ஆய்வுலயே இருக்கு

எலி இரவாடி, அக்கா. ஃபார்வர்டு எழுதுகிறவர்கள் தவறாமல் இடறி விழுகிற இடம் இதுதான். ஆய்வுக்கூடத்தில் விளக்கு அணைந்ததும்தான் எலிக்குப் பொழுது விடிகிறது. அங்கே "இருட்டின் தொடக்கத்தில் ஓடிய எலிக்குக் கொழுப்பு நன்றாக எரிந்தது" என்றால், மனிதக் கணக்கில் எழுந்து சில மணி நேரத்துக்குள் செய்த பயிற்சி என்று படிக்க வேண்டும். அதை "இரவில் ஓடு" என்று ஒருவர் எழுதுவார், "விடியலுக்கு முன் ஓடு" என்று இன்னொருவர் எழுதுவார். இரண்டும் பிழை. சுவரில் உள்ள கடிகார மணியைப் பார்க்காமல், எழுந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று கணக்கிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

மனிதரில் நடந்த ஆய்வைத் தசைநார் சொல்வார் என்று நினைக்கிறேன்.

#6 | தசைநார்

சொல்கிறேன். 2019இல் ஸ்வீடனில் நடந்தது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுள்ள 11 ஆண்கள். சைக்கிளில் ஒரு நிமிடம் கடும் மிதி, ஒரு நிமிடம் தளர்வு, இப்படி ஆறு சுற்று; வாரம் மூன்று நாள்; இரண்டு வாரம். ஒவ்வொருவரும் காலையில் ஒரு கட்டமும் பிற்பகலில் ஒரு கட்டமும், இடையில் ஓய்வு விட்டுச் செய்தார்கள். நாள் முழுக்கச் சர்க்கரையை அளக்கும் கருவி உடலில் ஒட்டியிருந்தது. பிற்பகல் பயிற்சியில் சர்க்கரை இறங்கியது. காலைப் பயிற்சியில் ஏறியது. ஆள் எண்ணிக்கை சிறிது, எல்லோரும் ஆண்கள், அதனால் இதையே சட்டமாக்க வேண்டாம். ஆனால் நடப்பது என்ன என்று விளங்கிக்கொள்ள உதவும்.

விடியலில் கார்ட்டிசோல் ஏறுமுகத்தில் இருக்கும். கல்லீரல் ஏற்கெனவே ரத்தத்தில் சர்க்கரையை இறக்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மூச்சிரைக்கப் பயிற்சி செய்தால் அட்ரினலின் கூடி, கல்லீரல் இன்னும் வாரிக் கொட்டும். இன்சுலின் போதாத உடலில் அதைத் தசை உடனே உள்ளே இழுக்க முடியாது. எலிப்பொறி சொன்ன பிமால்1ஐ எலித் தசையிலிருந்து மட்டும் நீக்கிய ஆய்வு 2014இல் வந்தது. இன்சுலின் சொல்லியும் தசை சர்க்கரையை எடுப்பது குறைந்தது. இன்சுலின் தூண்டலில் உடல் எடுத்துக்கொள்ளும் சர்க்கரையில் பெரும்பகுதி தசைக்குத்தான் போகிறது என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

நடைமுறைக்கு:

காலையில்தான் நேரம் கிடைக்கும் என்றால் நடையை வைத்துக்கொள்ளுங்கள், தாவுவதையும் ஸ்பிரின்ட்டையும் பிற்பகலுக்குத் தள்ளுங்கள். மிதமான நடையில் அட்ரினலின் அவ்வளவு எகிறாது.

ஒரே வேளை 30 நிமிடம் நடப்பதைவிட, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடம் நடந்தால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை கூடுதலாக இறங்குகிறது என்று நியூசிலாந்து ஆய்வு ஒன்று 2016இல் காட்டியது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நடையில்தான் பலன் அதிகம். நம்மில் பலர் மாவுச்சத்தை அள்ளிப் போடுவதும் உட்கார்ந்தே கிடப்பதும் அந்த வேளையில்தானே.

இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை எடுக்கிறவர்களும் மாலைப் பயிற்சிக்கு மாறும்போது கவனம் தேவை. தசை பயிற்சி முடிந்தும் பல மணி நேரம் சர்க்கரையை இழுத்துக்கொண்டிருக்கும். தாழ்சர்க்கரை நடு இரவில் தூக்கத்தில் வந்தால் தெரியாது. தொடங்குமுன் ரத்தச் சர்க்கரை 90-100க்குக் கீழே இருந்தால் 15 கிராம் அளவுக்கு வேகமாகச் சேரும் மாவுச்சத்து எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர் போதும். 250க்கு மேல் இருந்து, கீட்டோனும் (இன்சுலின் போதாமல் கொழுப்பு எரியும்போது சேரும் பொருள்) இருந்தால் அன்று பயிற்சியே வேண்டாம். நேரத்தை மாற்றும் முதல் வாரம் படுக்கும் முன் ஒரு முறை அளந்துவிடுங்கள், மருந்தளவை மருத்துவரிடம் பேசுங்கள்.

#7 | சாமக்கோழி

ஷிஃப்ட் வேலைக்காரர்களை இந்த இழையில் எல்லோரும் மறந்துவிட்டீர்கள். இரவு 10 முதல் காலை 6. முடித்த கையோடு 6.30க்கு ஜிம், பிறகு தூக்கம். தொழிற்சாலைப் பகுதிகளில் இதுதான் வழக்கம். இது சரிதானா?

#8 | எலிப்பொறி

கனமான பயிற்சிக்கு அது மோசமான நேரம். இரவு முழுக்க விழித்திருந்து, உடல் வெப்பம் அடியில் கிடக்கும்போது பாரைத் தோளில் ஏற்றுகிறீர்கள். போகும் வழியில் விடியல் வெளிச்சம் வேறு கண்ணில் பட்டு, மூளைக் கடிகாரத்துக்கு "பகல் வந்தாச்சு" என்று சொல்லிவிடுகிறது. வீட்டில் படுத்தால் நாலு மணி நேரத்தில் விழிப்பு தட்டும்.

தூக்கம் அறுந்தால் தசைக்கு என்ன ஆகும் என்பதற்கு அளவு இருக்கிறது. ஓர் இரவு முழுக்கக் கண்விழித்தவர்களிடம் தசைப் புரதம் உருவாகும் வேகம் 18 விழுக்காடு குறைந்தது, கார்ட்டிசோல் 21 விழுக்காடு கூடியது, டெஸ்டோஸ்டிரோன் 24 விழுக்காடு குறைந்தது. இது 2021 ஆய்வு. அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்னொன்றில், ஐந்து இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்கியவர்களிடமும் புரத உருவாக்கம் குறைந்தது. ஆனால் அதே ஐந்து நாளில் தீவிர இடைவெளிப் பயிற்சி செய்த பிரிவினருக்கு அது குறையவில்லை. தூக்கம் கெட்ட வாரத்தில் பயிற்சியை அடியோடு விடுவதைவிடச் சுருக்கமாகச் செய்வது மேல் என்று இதைப் படிக்கிறேன்.

நேரத்துக்கு இப்படி வைக்கலாம்: 6 மணிக்கு முடித்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீடு, லேசாகச் சாப்பாடு, 7.30க்குத் தூக்கம், 2.30க்கு எழுந்து, 5 மணிக்குப் பயிற்சி. வாகனம் ஓட்டும்போது தூக்கம் சொக்குகிறது என்றால் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள், உயிர் முக்கியம். ஷிஃப்ட் வாரா வாரம் மாறுகிறது என்றால் சுவர்க் கடிகாரத்தை மறந்துவிட்டு, எழுந்து இரண்டரை மணி நேரம் கழித்துப் பயிற்சி என்று பிடித்துக்கொள்ளுங்கள். பகல் 6-2 வாரத்தில் எழுந்த இரண்டரை மணியில் வேலையில்தான் இருப்பீர்கள், அந்த வாரம் மாலை 4 மணி.

#9 | இளவட்டக்கல்

என் இரண்டாவது, மூன்றாவது கேள்விகள் அப்படியே நிற்கின்றன :)

#10 | எலிப்பொறி

வளர்ச்சிக்கு: காலைக் குழு, மாலைக் குழு என்று பிரித்துச் செய்த ஆய்வுகளை 2019இல் தொகுத்துப் பார்த்தபோது தசை வளர்ச்சியில் இரண்டுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. விதிவிலக்காக ஃபின்லாந்தில் 24 வாரம் எடைப் பயிற்சியும் தாங்குதிறன் பயிற்சியும் சேர்த்துச் செய்த ஆய்வில், பின்பாதியில் மாலைக் குழுவுக்குத் தசை கொஞ்சம் கூடுதலாக ஏறியது. அதை வைத்து, காலை ஜிம்முக்கு ஒழுங்காக வருகிற ஒருவரை மாலைக்கு மாற்றி, வாரம் இரண்டு நாள் போக்குவரத்து நெரிசலில் தவறவிட வைப்பது புத்திசாலித்தனம் இல்லை.

நேரத்தில் உண்மையிலேயே கைவைக்க வேண்டிய இடம் காலைச் சாப்பாடு. ஜப்பானில் 2021இல் வந்த எலி ஆய்வில், ஒரு நாளின் புரதத்தை முதல் வேளையில் கூட்டிக் கொடுத்தபோது, சுமை ஏற்றிய தசை நன்றாகத் தடித்தது. கடைசி வேளையில் கொடுத்தபோது அவ்வளவு இல்லை. தசையில் பிமால்1 இல்லாத எலியிடம் இந்த வேறுபாடே காணாமல் போயிற்று. இதை மனிதருக்கு அப்படியே ஒட்ட முடியாது, ஆனால் நம் தட்டைப் பாருங்கள். மூன்று இட்லி, சட்னி: 6-7 கிராம் புரதம் தேறும். மதியமும் இரவும் சேர்த்து மீதியை இட்டு நிரப்புகிறோம். எடைப் பயிற்சி செய்கிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம், 70 கிலோவுக்கு 112 கிராம். நாலு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 28. அதே மூன்று இட்லியோடு இரண்டு முட்டை 12, ஒரு டம்ளர் பால் 6, ஒரு கிண்ணம் கடலைச் சுண்டல் 8 சேர்த்தால் கணக்கு தாண்டிவிடும்.

#11 | தசைநார்

போட்டிக்கு வருகிறேன். பளுதூக்கும் போட்டி 9 மணிக்கு என்றால் எடை பார்ப்பது இரண்டு மணி நேரம் முன்னால், 7 மணிக்கே தொடங்கும். அப்படியானால் எழுவது 5 மணி. மாற்ற வேண்டியது பயிற்சி நேரத்தை மட்டுமல்ல, எழும் நேரத்தையும். இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

காலையில் பயிற்சி செய்கிறவர்களின் காலைத் தொய்வு சுருங்கியதைக் காட்டிய ஆய்வுகள் பெரும்பாலும் 6 முதல் 10 வாரம் ஓடியவை. எனவே போட்டிக்கு 8 வாரம் முன் தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் வாரத்தில் இரண்டு அமர்வு காலை 9க்கு, மீதி மாலையில். மூன்றாவது வாரத்திலிருந்து கனமான அமர்வுகள் எல்லாம் காலையில். முதல் இரண்டு வாரம் காலை எடையை மாலை உச்சத்தின் 90-92 விழுக்காட்டுக்கு இறக்கிக் கணக்கிடுங்கள். மாலை எடையையே காலையில் திணித்தால் ரெப் தவறும், அதை ஈடுகட்ட நுட்பம் கெடும், கெட்ட நுட்பம் போட்டி வரை கூடவே வரும்.

6.30க்கு எழுகிறவர் 5 மணிக்கு வர, நாளுக்கு 15 நிமிடம் வீதம் ஆறு நாள். படுக்கையும் அதே அளவு முன்னே வர வேண்டும். முதல் நாளே 3.30க்கு அலாரம் வைத்து விளக்கைப் போடாதீர்கள். உடல் வெப்பம் அடிமட்டத்தைத் தொடுமுன் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். தொட்ட பிறகு படுவதுதான் முன்னுக்கு இழுக்கும். அடிமட்டம் வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு வரும். எழுந்ததும் வீட்டு விளக்கு எல்லாம் போடுங்கள், சூரியன் வந்ததும் 20-30 நிமிடம் வெளியில் நில்லுங்கள். சென்னையில் ஜனவரிக் கடைசியில் 6.35 வாக்கில்தான் உதிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இந்த வாரங்களில் இரவு 7 மணிக்கு மேல் கடும் பயிற்சி கூடாது. 7 முதல் 10க்குள் செய்த பயிற்சி கடிகாரத்தைப் பின்தள்ளியதையும், காலை 7 மணிப் பயிற்சி முன்னிழுத்ததையும் 2019இல் நூறு பேருக்கு மேல் அளந்திருக்கிறார்கள்.

காலை வார்ம்-அப் மாலையைப் போல இரு மடங்கு. 10 நிமிடம் சைக்கிள், நெற்றியில் வியர்வை துளிர்க்கும் வரை, முழுக்கைச் சட்டையோடு. பிறகு வெறும் 20 கிலோ பாரில் 10 ரெப், உச்ச எடையின் 40 விழுக்காட்டில் 5, 55இல் 4, 70இல் 3, 80இல் 2, 88இல் 1. இடையில் உட்கார்ந்து உடம்பு ஆறவிடக் கூடாது.

முதுகெலும்புத் தட்டுகள் இரவில் நீர் இழுத்து உப்பியிருக்கும். காலையில் நாம் ஓரிரு சென்டிமீட்டர் உயரமாக இருப்பது அதனால்தான். அதில் பாதிக்கு மேல் எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே இறங்கிவிடும். அந்த ஒரு மணி நேரம் குனிந்து தொடும் நீட்சி, சிட்-அப், டெட்லிஃப்ட் எதுவும் வேண்டாம்.

#12 | சாமக்கோழி

ஒலிம்பிக்கிலேயே நேரம் பார்த்து ஜெயிக்கிறார்களா என்ன?

#13 | எலிப்பொறி

2004 முதல் 2016 வரை நான்கு ஒலிம்பிக் நீச்சலின் நேரங்களை ஒப்பிட்டார்கள். மிகச் சிறந்த நேரங்கள் மாலை 5.12 வாக்கில் குவிந்தன, வேளையைப் பொறுத்த அலைவு 0.37 விழுக்காடு. கேட்கச் சிறிதுதான். ஆனால் பத்தில் நாலு இறுதிப் போட்டியில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இருந்த இடைவெளி அதைவிடச் சிறிது. 2008 பெய்ஜிங்கில் நீச்சல் இறுதிகளைக் காலையில் வைத்தார்கள், அமெரிக்கத் தொலைக்காட்சி நேரத்துக்காக.

#14 | இளவட்டக்கல்

நன்றி தசைநார் சார். கடைசியாக ஒன்று. காலைப் போட்டிக்கு முன் காபி?

#15 | தசைநார்

கிலோவுக்கு 3 மில்லிகிராம் கஃபீன், 45-60 நிமிடம் முன்னால். 70 கிலோவுக்கு 210. காலையில் இந்த அளவு கொடுத்தபோது வலிமை பிற்பகல் மட்டத்தைத் தொட்டதாக ஆய்வு உண்டு. ஃபில்டர் காபியில் டிகாக்‌ஷன் கை பழக்கத்தைப் பொறுத்தது, ஒரு டம்ளரில் எவ்வளவு என்று நம்பிச் சொல்ல முடியாது. மாத்திரையானால் அளவு தெரியும், ஆனால் போட்டி நாளில் முதல் முறையாக முயலாதீர்கள். வயிறு கலக்கும், கை நடுங்கும். பயிற்சியில் மூன்று நான்கு முறை பார்த்துவிடுங்கள். ஒன்பது மணிக்குப் படுக்கிற அந்த வாரங்களில் மதியம் இரண்டுக்கு மேல் காபி, டீ இரண்டும் கிடையாது. கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் ஆகும், படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன் குடித்த இரட்டை எஸ்பிரெசோ அளவு கடிகாரத்தை 40 நிமிடம் பின்தள்ளியிருக்கிறது. ஆறு நாள் பாடுபட்டு நகர்த்திய 90 நிமிடத்தில் கிட்டத்தட்டப் பாதி.